எப்சிபாளா, எப்சிபாவா, ஹெப்சிபாவா? மகளுக்குப் பெயரிடும் முன் ஒரு கேள்வி

சாயர்புரத்துப் பேரன்:

எங்களுக்கு மகள் பிறந்து இன்றைக்கு 41 நாள். அடுத்த மாதம் ஞானஸ்நானம். பெயர் எது என்பதில் வீட்டில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதை எப்படி எழுதுவது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கமாக நிற்கிறோம்.

என் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் எப்சிபாள். கருப்பட்டி காய்ச்சி ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது இறந்துபோனார். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை சுண்ணாம்பு வாளியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஆச்சியின் கல் பாசி காய்ந்து கறுத்துக் கிடந்தது. தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க எழுத்து ஒவ்வொன்றாகத் தெளிந்தது. எ, ப், சி, பா. அவ்வளவுதான் என்று நினைத்தபோது விளிம்பில் இன்னொரு பள்ளம் விரலில் தட்டியது. நகத்தால் சுரண்டினேன். ‘ள்’. கொத்தியவருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. விட்டுவிடவும் மனம் வரவில்லை. கல்லின் ஓரத்தில் பாதி அளவில் அந்த ஓர் எழுத்தைக் கொத்தி வைத்திருந்தார். அப்போது என் மனைவி மாசமாக இருந்தாள். பெண் பிறந்தால் இந்தப் பெயர்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது மனைவி ‘ஹெப்சிபா’ என்று எழுத வேண்டும் என்கிறாள். அதுதான் மூலத்துக்குப் பொருத்தம், நாளைக்கு ஆங்கிலச் சான்றிதழோடும் ஒத்துப்போகும் என்பது அவள் வாதம். மாமியார் வேறொரு கவலையை எழுப்பிவிட்டார். வேதத்தில் எப்சிபாள் என்பவள் மனாசே ராஜாவின் தாய், எருசலேமை இரத்தத்தால் நிரப்பின பாவியைப் பெற்றவளின் பெயர் நம் பிள்ளைக்கு எதற்கு என்கிறார். வேதமும் மொழியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதலூர்க்காரி:

தம்பி, முதலில் வாழ்த்துகள். குழந்தைக்கும் தாய்க்கும் சுகம்தானே? எங்கள் ஊரில் என் வயதுப் பெண்களில் எப்சிபாவும் பியூலாவும் தெருவுக்கு இருவர் இருந்தார்கள். அக்காள் எப்சிபா, தங்கை பியூலா என்று ஒரே வீட்டில் இரண்டும் உண்டு. அந்த இரண்டு பெயரும் ஒரே வசனத்தில் வருகின்றன என்பதே பலருக்கு மறந்துவிட்டது. ஏசாயா 62:4. மாமியாரிடம் அதை வாசித்துக் காட்டுங்கள்.

பழைய வாத்தியார்:

அக்கா சரியான இடத்தைச் சொல்லிவிட்டார். அந்த வசனத்தை முழுதாக எழுதுகிறேன். சுருக்கினால் அதன் உயிர் போய்விடும்.

‘நீ இனிக் கைவிடப்பட்டவள் என்னப்படாமலும், உன் தேசம் இனிப் பாழான தேசமென்னப்படாமலும், நீ எப்சிபா என்றும், உன் தேசம் பியூலா என்றும் சொல்லப்படும், கர்த்தர் உன்மேல் பிரியமாயிருக்கிறார், உன் தேசம் வாழ்க்கைப்படும்.’

எருசலேம் நகரத்தை ஒரு பெண்ணாகப் பாவித்துச் சொல்லும் வாக்கு இது. இரண்டு பழைய பெயர்கள் நீக்கப்படுகின்றன, இரண்டு புதிய பெயர்கள் இடப்படுகின்றன. எபிரெயத்தில் ‘ஹெஃப்சி’ என்றால் என் பிரியம், ‘பா’ என்றால் அவள்மேல். இரண்டும் சேர்ந்து ‘என் பிரியம் அவள்மேல்’. கர்த்தர் உன்மேல் பிரியமாயிருக்கிறார் என்ற அடுத்த வாக்கியம் இந்தப் பெயருக்கான உரை. எபிரெயத்தில் அங்கேயும் அதே வேர்ச்சொல்தான் வருகிறது. பியூலா என்றால் மணமானவள். ‘உன் தேசம் வாழ்க்கைப்படும்’ என்பது அதற்கான உரை. ‘விவாகம் செய்யப்படும்’ என்று எழுதாமல் வாழ்க்கைப்படும் என்று எழுதியவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ‘எங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாய்?’ என்று நம் ஊர்ப் பெண்களைக் கேட்கும் அதே சொல் அது. பாழாய்க் கிடந்த ஒரு நாடு மருமகளாகப் படியேறி வருவதைப் போல இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. நீக்கப்படும் பெயரான ‘கைவிடப்பட்டவள்’ என்பது எபிரெயத்தில் அசூபா. அதுவும் ஒரு ராஜமாதாவின் பெயர்தான். யோசபாத் ராஜாவின் தாய் அசுபாள்; 1 இராஜாக்கள் 22:42 பாருங்கள். எப்சிபாள் எசேக்கியா ராஜாவின் மனைவி, மனாசேயின் தாய். அது 2 இராஜாக்கள் 21:1. ஆக, நகரத்துக்குச் சொன்ன அந்த இரண்டு பெயர்களும் அரண்மனையில் உண்மையாகவே இருந்த இரண்டு தாய்மார்களின் பெயர்கள். கேட்டவர்களின் காதில் அவை எவ்வளவு பழகிய பெயர்களாக ஒலித்திருக்கும்!

மாமியாரின் கவலைக்கு வருகிறேன். எசேக்கியா சாகக் கிடந்து, சுவர்ப்புறமாகத் திரும்பி அழுது ஜெபித்தபோது 15 ஆண்டுகள் கூட்டிக் கொடுக்கப்பட்டன. அவர் இறந்தபின் மனாசே 12 வயதில் ராஜாவானான். கணக்குப் போட்டால், அந்தக் கூட்டிக் கொடுத்த நாட்களில் எப்சிபாள் பெற்ற பிள்ளை அவன். 55 ஆண்டுகள் அரசாண்டான், மிகப் பெரிய அக்கிரமங்களைச் செய்தான், உண்மைதான். ஆனால் 2 நாளாகமம் 33-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். பாபிலோனில் விலங்கோடு கிடந்தபோது அவன் தன்னைத் தாழ்த்திக் கெஞ்சினான், அவன் கெஞ்சுதல் கேட்கப்பட்டது என்று அங்கே இருக்கிறது. மகன் செய்ததற்குத் தாயை வேதம் எங்கும் குற்றம் சொல்லவில்லை. அவளைப் பற்றி இருப்பது பெயர் மட்டும்தான்.

சாயர்புரத்துப் பேரன்:

ஐயா, மிக்க நன்றி. அசுபாள் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. மாமியாருக்கு இரண்டு அதிகாரங்களையும் வாசித்துக் காட்டினேன். ‘கடைசியில் அழுதானா?’ என்று மட்டும் கேட்டார். பிறகு எதுவும் சொல்லவில்லை.

பொருநைக்கரை:

நான் மாற்றுக் கருத்துச் சொல்ல வருகிறேன், யாரும் வருத்தப்பட வேண்டாம். நானும் சபையில் வளர்ந்தவன்தான். பொருள் இவ்வளவு அழகாக இருக்கும்போது அதைத் தமிழிலேயே வைத்தால் என்ன? தேவப்பிரியா என்றோ அன்புக்கனி என்றோ வையுங்கள். நம் பாட்டன்மார் ஞானமுத்து, வேதமாணிக்கம், தேவசகாயம், சுவிசேஷமுத்து என்று எவ்வளவு கனமான பெயர்கள் வைத்தார்கள்! இந்தத் திருநெல்வேலி மண்ணின் முதல் தேசிய குருமாரில் ஒருவர் சத்தியநாதன். 1799-இல் முதலூர் உண்டாகக் காரணமாயிருந்தவர் தாவீது சுந்தரானந்தம். காரையிருப்பில் பிறந்த கவிஞர் கிருஷ்ண பிள்ளை 1858-இல் ஞானஸ்நானம் பெற்று ஹென்றி ஆல்பிரட் ஆனார். ஆனாலும் கிருஷ்ண பிள்ளை என்பதைக் கடைசிவரை விடவில்லை. இன்று பிள்ளைகளின் பெயர்களைக் கேட்டால் எந்த ஊர் என்றே தெரியவில்லை. ஹெப்சிபாவை ‘ஹெப்சி’ என்று குறுக்கிவிட்டால் வசனமும் போயிற்று, தமிழும் போயிற்று.

மணப்பாட்டுக்காரன்:

பொருநைக்கரை அண்ணாச்சி சொல்வதை எங்கள் கத்தோலிக்கப் பக்கம் செய்துதான் வைத்திருந்தார்கள். சவேரியார் 1542-இல் வந்திறங்கிய கடற்கரை எங்களுடையது. எங்கள் தாத்தா காலத்தில் பேதுரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ராயப்பர்தான். பவுல் சின்னப்பர், யோசேப்பு சூசை, யோவான் அருளப்பர். யோவான் என்ற எபிரெயப் பெயரின் பொருளே ‘கடவுள் அருளினார்’ என்பதால், அருளப்பர் என்பது பெயரின் மொழிபெயர்ப்பு. எங்களிடம் எப்சிபா என்ற பெயரே கிடையாது. அந்தப் பெயரில் புனிதர் யாரும் இல்லையே! நாசரேத் பக்கத்துப் பெண் ஒருத்தி எங்கள் பள்ளிக்கு ஆசிரியையாக வந்தபோதுதான் முதன்முதலில் கேட்டேன். அழகான பெயர் என்று அன்றே தோன்றியது.

பழைய வாத்தியார்:

பொருநைக்கரை தம்பியின் ஆதங்கம் எனக்கும் உண்டு. வேதமாணிக்கம் போன்ற பெயர்கள் அற்றுப்போவது பெரிய இழப்பு. ஆனால் எப்சிபா தமிழ் அல்ல என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

எபிரெய வேதத்தை முன்னாளில் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஏசாயாவின் இந்த இடத்தில் பொருளை மட்டும் எடுத்து, ‘என் விருப்பம்’ என்று மாற்றிவிட்டார்கள். 1611-இன் ஆங்கில மொழிபெயர்ப்போ எபிரெயச் சொல்லைத் தொடாமல் அப்படியே வைத்தது. நம் தமிழ் வேதமும் அப்படியே வைத்தது. பெயர்க்காமல் விட்டதால்தான் அது பெயராயிற்று. பெயர்த்திருந்தால் நல்ல வாக்கியமாக நின்றிருக்கும், உங்கள் ஆச்சியின் கல்லறைக் கல்லுக்கு வந்திருக்காது.

வந்த சொல்லை நம்மவர்கள் சும்மாவும் வைத்திருக்கவில்லை. தமிழ் வேதத்தில் எசேக்கியா, ஆகார், அன்னாள், எபிரோன், எபிரெயர் ஆகிய பெயர்களைப் பாருங்கள். எல்லாமே ஆங்கிலத்தில் ‘எச்’ எழுத்தில் தொடங்குபவை. தமிழில் ஒன்றிலும் ‘ஹ’ இல்லை. அதே முறையில் வந்ததுதான் எப்சிபா. பிறகு ‘ள்’. மரியாள், சாராள், லேயாள், அன்னாள் என்று பெண்பால் விகுதி ஒட்டி அந்தப் பெண்களை நம் வீட்டுப் பெண்களாக்கினார்கள். அரண்மனையில் இருந்த பெண்ணைச் சொல்லும்போது எப்சிபாள், வாக்குத்தத்தத்தில் நகரத்துக்கு இடும் பெயரைச் சொல்லும்போது எப்சிபா. தமிழ் வேதத்துக்குள்ளேயே இரண்டு வடிவமும் இருக்கின்றன. ஆகவே தம்பி, ‘ள்’ போட்டாலும் பிழையில்லை, போடாவிட்டாலும் பிழையில்லை.

‘ஹெப்சிபாதான் மூலம்’ என்பது மட்டும் சரியல்ல. எபிரெயத்தின் முதல் எழுத்து தொண்டையின் அடியிலிருந்து உரசி வருவது; ஆங்கில ‘எச்’ அதற்கு ஓர் ஒப்புத்தான். நடுவில் இருப்பது ‘ஃப்’, அதை அடுத்து வருவது ‘ட்ஸ்’. தமிழ் ஓரிடத்தில் விட்டது, ஆங்கிலம் வேறோர் இடத்தில் விட்டது. இரண்டில் ஒன்று மட்டும் அசல், மற்றது கொச்சை என்று நினைக்க வேண்டாம்.

பதிவேட்டு அக்கா:

நான் ஒரு பள்ளி அலுவலகத்தில் பதிவேடு எழுதுகிறேன். மொழி பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் தாள் பற்றிச் சொல்கிறேன், தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

போன ஆண்டு பத்தாம் வகுப்புப் பட்டியல் தயாரிக்கும்போது ஒரே மாணவியின் ஐந்து தாள்கள் என் மேசையில் கிடந்தன. ஞானஸ்நானச் சான்றில் எப்சிபா. பிறப்புச் சான்றில் ஹெப்ஸிபா. ஆதாரில் ஹெப்சிபாய். வங்கிப் புத்தகத்தில் எப்சி பா என்று நடுவில் இடம் விட்டு, ‘பா’ அப்பாவின் முதலெழுத்து ஆகிவிட்டது. ஐந்தாவதில் ஹெப்சிகா. அந்தப் பிள்ளையின் தாய் பீடி சுற்றுகிறவர். ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்க நான்கு நாள் கூலியை விட்டார். என் மேசைக்கு முன்னால் நின்று, ‘பேர் வைத்தது தப்பாம்மா?’ என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தப்பு அவர்மேல் இல்லை. கேட்டதைக் கேட்டபடி எழுதாத கைகளின் தப்பு அது.

அதனால் தமிழில் எந்த வடிவம் என்று முடிவு செய்யும் அன்றைக்கே ஆங்கில எழுத்தையும் முடிவு செய்துவிடுங்கள். ஆங்கில வேதத்தில் இருப்பது ஒன்பது எழுத்து. நடுவிலும் ஓர் எச், கடைசியிலும் ஓர் எச். நம் ஊரில் ஏழு எழுத்திலும் எட்டு எழுத்திலும் எழுதுகிறார்கள். எதுவானாலும் சரி, ஒரே தாளில் இரண்டு மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதி, எல்லா இடத்துக்கும் அதையே கொண்டுபோங்கள். வாயால் சொல்லாதீர்கள். பிறப்பைப் பதிவு செய்ய 21 நாள் கெடு. அப்போது பெயர் எழுதாமல் விட்டிருந்தால் 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். எழுதிய பெயரைப் பின்னால் மாற்ற அரசிதழ் வரை போக வேண்டியிருக்கும்.

சாயர்புரத்துப் பேரன்:

அக்கா, மருத்துவமனையில் பெயரில்லாமல்தான் பதிந்திருக்கிறார்கள். தக்க நேரத்தில் சொன்னீர்கள். மனைவி உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தாள்.

முதலூர்க்காரி:

பீடி சுற்றும் அந்தத் தாயின் கேள்வியை வாசித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

பொருநைக்கரை தம்பிக்கு ஒரு வார்த்தை. ஊர் தெரியவில்லை என்கிறீர்கள். எனக்கு எப்சிபா என்று கேட்டாலே ஊர் தெரிகிறது. ஜெபராணி, தங்கம், கனி என்று கூட ஒரு பெயர் சேர்ந்துவிட்டால் எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லிவிடலாம். டோனாவூர் என்பது ஒரு ஜெர்மன் பிரபுவின் பெயர். அதை நாம் ஊராக்கி, ‘ஊர்’ என்றே முடித்து வைத்திருக்கிறோம். நாசரேத் எங்கேயோ கலிலேயாவில் இருந்தது. இன்று நாசரேத் என்றால் ரயில் நிற்கிற நம் நாசரேத்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியாவின் முழுப்பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர், 1912-இல். அந்தப் பெயரில் தமிழும் எபிரெயமும் தோளோடு தோள் நிற்கின்றன. ஒன்றை விட்டுத்தான் ஒன்றைப் பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பொருநைக்கரை:

அசரியாவைச் சொல்லி என்னை மடக்கிவிட்டீர்கள் அக்கா. ‘கடவுள் உதவினார்’ என்பது அதன் பொருள்; எங்கள் தாத்தா தேவசகாயத்தின் பெயருக்கும் ஏறக்குறைய அதே பொருள்தான். இப்போதுதான் உறைக்கிறது. அப்படியானால் என் கோரிக்கையை மாற்றிக்கொள்கிறேன். எப்சிபா இருக்கட்டும், கூடவே ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கட்டும். ‘ஹெப்சி’ என்று குறுக்குவதில் மட்டும் நான் இன்னும் உடன்படவில்லை.

62_நான்கு:

பல நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்த இழையில் பேசாமல் போக முடியவில்லை. என் பெயர் எப்சிபா.

நான் அம்மாவின் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது அப்பா வெளியூர் வேலைக்கென்று போனார். கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துவார்களாம். தாய்வீட்டுக்குத் திரும்பியவளை ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். என்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அம்மா பெயர் எதுவும் யோசிக்கவில்லை. உபதேசியாரின் மனைவிதான் அம்மாவின் கையைப் பிடித்து அந்த வசனத்தைச் சொன்னார்களாம். ‘இனிக் கைவிடப்பட்டவள் என்னப்படாமலும்’ என்ற இடத்தில் அம்மா அழுதுவிட்டார். பெயர் என்னுடையது என்றாலும் அந்த வாக்கு அம்மாவுக்குத்தான் கொடுக்கப்பட்டது என்று நான் நினைக்கிறேன்.

கல்லூரியில் எல்லோரும் ஹெப்சி என்றார்கள். நானும் அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன். அதில் எனக்குக் குறையில்லை, பொருநைக்கரை அண்ணா. ஆனால் அம்மா ஒரு நாளும் பாதிப் பெயரைச் சொன்னதில்லை. கோபத்திலும் முழுப்பெயர்தான். ஹெப்சி என்றால் ‘என் பிரியம்’ என்பதோடு நின்றுவிடும், ‘அவள்மேல்’ விட்டுப்போகும் என்று ஐயாவின் விளக்கத்தை வாசித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்கு எபிரெயம் தெரியாது. எப்படியோ அவர் அந்த ‘பா’வை விடவே இல்லை.

பழைய வாத்தியார்:

மகளே, நாற்பது ஆண்டுகள் வேதபாடம் நடத்தினேன். இந்த வசனத்தை உங்கள் அம்மா அளவுக்கு நான் வாசித்ததில்லை. அவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

மணப்பாட்டுக்காரன்:

எங்கள் வீட்டிலும் வாசித்துக் காட்டினேன் தங்கச்சி. அம்மா உங்கள் தாயாருக்காக ஒரு ஜெபமாலை சொன்னார்.

சாயர்புரத்துப் பேரன்:

ஞானஸ்நானம் நேற்று முடிந்தது. இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

62_நான்கு அக்காவின் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டியபோது குழந்தை அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘ஆச்சியின் கல்லில் இருப்பதுபோலவே எழுதுங்கள்’ என்றாள். ஆங்கிலத்தில் வேதத்தில் உள்ள ஒன்பது எழுத்து. பதிவேட்டு அக்கா சொன்னபடி ஒரு அட்டையில் இரண்டு மொழியிலும் எழுதி, குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு வைத்திருக்கிறேன். பொருநைக்கரை அண்ணாச்சிக்காக இரண்டாவது பெயர் அன்புக்கனி.

ஆலயத்தில் போதகர் பதிவேட்டைத் திறந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். எப்சிபா என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுத்தார். ‘ஐயா, இன்னும் ஓர் எழுத்து இருக்கிறது’ என்றேன். நிமிர்ந்து பார்த்தார். கட்டத்தில் இடம் குறைவாக இருந்தது. கோட்டை ஒட்டிச் சின்னதாக ‘ள்’ போட்டார்.

ஆச்சியின் தங்கை இன்னும் இருக்கிறார், வயது தொண்ணூறுக்கு மேல். கண் தெரியாது. குழந்தையை மடியில் கொடுத்துப் பெயரைச் சொன்னேன். முகத்தைத் தடவினார், காதைத் தடவினார். பிறகு குனிந்து, ‘எக்கா’ என்று கூப்பிட்டார்.